நீர்த்துறைக்கு வராத விலங்கு
வளைகுடாப் பாலையின் 'தப்' பல்லியும் அதன் இன்றைய இடரும்

எமது வாசகர்களுள் வளைகுடா நாடுகளோடு தொடர்பற்ற குடும்பம் ஒன்றைக் காண்பது அரிது. எழுபதுகளின் எண்ணெய்ப் பெருக்கத்தைத் தொடர்ந்து டுபாய்க்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் சென்ற தமையன்மார், இன்றும் அங்கே கட்டட வேலையிலும் வீட்டுப் பணியிலும் காலங்கழிக்கும் மைத்துனர்மார், சகோதரிமார் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆயினும் அந்நாடுகளின் மண்ணைப் பற்றியும் அம்மண்ணுக்கே உரிய உயிர்களைப் பற்றியும் நாம் அறிந்தது சொற்பமே. 'அங்கே என்ன இருக்கிறது, மணலும் வெயிலுந்தானே' என்று சொல்லி அவ்விடயத்தை முடித்துவிடுகிறோம்.

அந்த மணலிலும் வெயிலிலும், மனிதன் நிழல் தேடி ஓடும் நண்பகலுக்குச் சற்று முன்னர்வரை, வெட்டவெளியில் வயிறு மண்ணில் பதியக் கிடந்து குளிர்காய்வதற்கு மாறாகச் 'சூடுகாயும்' ஒரு பல்லி உண்டு. அரபு மொழியில் அதன் பெயர் 'தப்'. விலங்கியலார் அதனை 'யூரோமாஸ்ரிக்ஸ் ஈஜிப்ரியா' என அழைப்பர். ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான், கட்டார், குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் கற்பரப்பு நிலங்கள் அதன் தாயகம். பல்லாயிரம் ஆண்டுகள் எவர் உதவியுமின்றி வாழ்ந்த இந்த உயிர், எமது ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பல இடங்களில் அருகி மறைந்து வருகின்றது. அதன் வாழ்வையும் அதற்கு நேர்ந்துள்ள இடரையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

உடும்பு அன்று, ஓணானின் உறவு

'தப்' பல்லியை முதன்முறை காணும் எம்மவர் பெரும்பாலும் 'உடும்பு' என்றே சொல்வர். தமிழில் வெளிவந்த இசுலாமிய சமய நூல்களிலும் 'தப்' என்னும் அரபுச் சொல் 'உடும்பு' என்றே மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. பருமனைக் கொண்டு நோக்கின் இது இயல்பே. நன்கு வளர்ந்த தப், மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை இரண்டடிக்கு மேல் நீளமும் இரண்டு கிலோவுக்கு மேல் நிறையும் கொண்டதாக இருக்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை.

உடும்பு ஊன் உண்ணி. முட்டை, எலி, தவளை, பூச்சி என அகப்பட்டதைத் தின்று திரிவது. பாம்பினைப் போன்று பிளவுண்ட நீண்ட நாக்கு அதற்கு உண்டு. அரபு நாட்டிலும் உடும்பு உள்ளது. அதனை அங்கே 'வரல்' என்பர். 'தப்' பல்லியோ வளர்ந்தபின் பெரும்பாலும் இலை, தளிர், பூ, விதை என்பவற்றை உண்டு வாழ்வது. தட்டையான உடலும் ஆமையைப் போன்ற மழுங்கிய முகமும் உடையது. அதன் குடும்பம் எமது வேலியோரத்து ஓணானின் குடும்பமே. வன்னிப் பற்றைகளிலும் மட்டக்களப்புத் தோட்டங்களிலும் நாம் கண்ட பச்சை ஓணானும், சிறுவர் ஈர்க்கில் சுருக்கு வைத்துப் பிடித்த கரட்டோணானும் அதன் தூரத்துச் சொந்தங்கள். ஓணான் குடும்பத்தில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. அவற்றுள் 'தப்' இனமும் அதன் நெருங்கிய உறவுகளும் மரக்கறி உணவுக்குத் திரும்பியவை.

அதன் வாலே அதன் அடையாளம். குறுகிய பருத்த அவ்வாலைச் சுற்றி வளையம் வளையமாக முட்செதில்கள் அமைந்துள்ளன. 'யூரோமாஸ்ரிக்ஸ்' என்னும் பெயரின் பொருளே கிரேக்க மொழியில் 'வாற்சாட்டை' என்பதாகும். முடிச்சவிழ்க்க முடியாத சிக்கலான விடயத்தைத் 'தப்பின் வாலினும் முடிச்சு மிக்கது' என்று பழைய அரபு மக்கள் சொன்னார்கள்.

பசுமையும் மஞ்சளும் கருமையும்

பச்சை ஓணானின் பசுமை இலைகளுக்கிடையே மறைந்திருக்க உதவுவது. இலையே அரிதான பாலையில் பசுமை ஒளித்துக்கொள்ள உதவாது. அங்கே நிறத்தின் முதற்பணி உடலின் வெப்பத்தைச் சீராக்குவதாகும். 'தப்' அதனைச் செய்யும் விதம் வியப்புக்குரியது.

விடியற்காலையில் வளையைவிட்டு வெளிவரும்போது அதன் உடல் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். கரிய நிறம் சூரிய வெப்பத்தை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். உடல் சூடேறச் சூடேறத் தோலிலுள்ள கருநிறமிகள் சுருங்கும். கருமை வெளிறிப் பசுமை கலந்த பழுப்பாகிப் பின் வைக்கோல் மஞ்சளாக மாறும். வெளிறிய நிறம் வெப்பத்தைத் திருப்பியனுப்பும். ஆக, காலையில் கரிய சட்டையும் நண்பகலில் வெளிறிய சட்டையும் அணிந்துகொள்ளும் ஓர் உயிர் இது. இளவேனிலில் மழை பெய்து புல் தளிர்த்த காலத்தில் பிடிக்கப்படும் சிலவற்றில் பசுஞ்சாயல் தெளிவாகத் தெரியும்.

பறவைகளையும் எம்மையும் போலத் தன் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றல் பல்லிகளுக்கு இல்லை. உண்ட இலையைச் செரிக்கச் செய்வதற்கு 'தப்' தன் உடலை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும். அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களே நாரினைப் புளிக்கச் செய்து உணவாக்குகின்றன. அந்நுண்ணுயிர்களுக்கும் சூடு தேவை. ஆகையால் சூடுகாய்தல் அதற்கு உணவுண்பதன் ஒரு பாதி. கோடையில் தரை வெப்பம் எல்லை கடக்கும் நண்பகலில் அது வளைக்குள் இறங்கிவிடும். மாலை சாயும்போது மீண்டும் மேய வரும். குளிர்காலத்தில் பெரும்பாலும் வளைக்குள்ளேயே உறங்கிக் கழித்து, இளவேனிற் தொடக்கத்திலேயே முழு அளவில் வெளியே நடமாடும்.

நீர் அருந்தாது வாழும் வகை

'தப் நீர்த்துறைக்கு வரும் நாளில் இதனைச் செய்வேன்' என்பது பழைய அரபு வழக்கு. ஒருபோதும் செய்யமாட்டேன் என்பதே அதன் கருத்து. எம்மவர் 'காக்கை வெள்ளையாகும் நாளில்' என்று சொல்வதற்கு ஒப்பானது அது. இந்த வழக்கினை உண்டாக்கிய நாடோடி மேய்ப்பர், கூர்மையான விலங்கியல் அவதானிப்பு ஒன்றைச் செய்திருந்தனர். தேங்கிய நீரைத் தேடிச் செல்லும் பழக்கம் 'தப்' பல்லிக்கு ஏறத்தாழ இல்லை. உண்ணும் தாவரத்திலுள்ள ஈரமே அதற்குப் போதும்.

ஆனால் பாலைத் தாவரங்களின் ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே வரும். அதிக உப்பை எமது உடல் சிறுநீரோடு வெளியேற்றும். அதற்கு நீர் செலவாகும். அச்செலவைத் தாங்க முடியாத 'தப்' வேறொரு வழியைக் கொண்டுள்ளது. அதன் மூக்கினுள் உப்பினைப் பிரித்தெடுக்கும் சுரப்பிகள் உள்ளன. அவை வெளியேற்றும் உப்பு, நாசித் துளைகளைச் சுற்றி வெள்ளைப் படிவாக உறைந்திருக்கும். அதனை அது அவ்வப்போது தும்மி உதிர்க்கும். அதன் சிறுநீர்க் கழிவும் நீர்மமாக வராது. வெண்ணிறமான பசையாகவே வெளியேறும். ஒவ்வொரு துளியையும் கணக்குப் பார்த்துச் செலவிடும் சிக்கனம் அது.

ஒற்றை வீடு

தளர்ந்த மணற்குன்றுகளில் 'தப்' வாழாது. அங்கே தோண்டிய வளை இடிந்து விழும். குன்றுகளுக்கும் மலைகளுக்கும் இடைப்பட்ட, கூழாங்கல் பரந்த இறுகிய சமவெளிகளையே அது தேர்ந்துகொள்கின்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் கிழக்கே, ஹஜர் மலைத்தொடரின் அடிவாரத்துச் சமவெளிகளில் அத்தகைய நிலம் உண்டு. அச்சமவெளிகளில் ஆங்காங்கே தனித்து நிற்கும் மரத்தை அரபு மக்கள் 'காஃப்' என்பர். 2008ஆம் ஆண்டு அந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட அம்மரம் வேறொன்றுமன்று. எமது வன்னி மரமே. விருத்தாசலம் திருக்கோயிலின் தலவிருட்சமாக நிற்பதும் அதே இனந்தான். வன்னி என்னும் பெயரைக் கேட்டாலே நெஞ்சு கனக்கும் எமது மக்கள், அப்பாலையில் வன்னி நிழலில் இளைப்பாறிய போதும் அதனை அறியாதே இருந்திருப்பர்.

வளர்ந்த ஒவ்வொரு தப்பும் தனக்கென ஒரு வளை தோண்டிக்கொள்ளும். வாயில் மேற்புறம் வளைந்து அடிப்புறம் தட்டையாக, பாதி நிலவைப் போன்றிருக்கும். உள்ளே அது வளைந்து வளைந்து பல மீற்றர் நீளத்துக்குச் சாய்வாக இறங்கும். ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மேலே தரை கொதிக்கும்போதும் உள்ளே வெப்பம் மிதமாகவும் காற்று ஈரப்பதத்தோடும் இருக்கும். உடலிலிருந்து மூச்சுவழி வெளியேறும் நீரும் அங்கே வீணாவது குறைவு. ஆகவே அந்த வளை அதற்கு உறைவிடம் மட்டுமன்று. குளிர்சாதனமும் நீர்த்தொட்டியும் கோட்டையும் அதுவே.

பகை நெருங்கும்போது 'தப்' வளைக்குள் ஓடித் தலையை உட்புறமாகவும் வாலை வாயிற்புறமாகவும் வைத்துக்கொள்ளும். மூச்சை இழுத்து உடலை ஊதப்பண்ணிச் சுவரோடு இறுக்கிக்கொள்ளும். முள்வாலை இடமும் வலமும் வீசும். நரியோ உடும்போ அத்தாக்குதலைத் தாண்டி உள்ளே செல்வது எளிதன்று. திறந்தவெளியில் அகப்பட்டால் கழுகு, வல்லூறு முதலியவற்றுக்கு இரையாவதுமுண்டு.

ஒரு தப்பின் வளையில் வேறு பல உயிர்களும் ஒதுங்கும். தேள், வண்டு, சிறு பல்லி, பாம்பு என அவை பல. தேளைக் 'தப்பின் வாயிற்காவலன்' என்று கருதும் பழங்கதையும் அரபு மக்களிடையே உண்டு. கதை எதுவாயினும் உண்மை ஒன்று தெளிவு: ஒரு தப் அழிந்தால் அதன் வளையும் நாளடைவில் தூர்ந்துபோகும், அதனை நம்பிய சிற்றுயிர்களும் இடமிழக்கும்.

மெதுவான வாழ்க்கை

இந்த விலங்கின் பலவீனம் அதன் மெதுவான வளர்ச்சியே. பெண் தப் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் முட்டையிடுவதில்லை. உணவு குறைந்த ஆண்டுகளில் அதுவும் தவறிப்போகும். கோடையின் தொடக்கத்தில் மண்ணுக்குள் இடப்படும் முட்டைகள், இரண்டு மாதம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பொரிக்கின்றன. குஞ்சுகள் இலையோடு எறும்பு, வண்டு முதலிய பூச்சிகளையும் உண்ணும். அவற்றுள் பெரும்பாலானவை முதலாண்டைத் தாண்டுவதில்லை. தப்பியவை இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை அடைவதற்கும் பல ஆண்டுகள் வேண்டும்.

இதற்கு ஈடாக இயற்கை அதற்கு நீண்ட ஆயுளைக் கொடுத்திருக்கின்றது. இருபது, முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய பல்லி அது. பற்கள் விழுந்து முளைப்பதில்லை, தேய்ந்துகொண்டே போகும். முதிர்ந்த தப்பின் வாய் முன்புறத்தில் பல்லுக்குப் பதிலாக எலும்பு விளிம்பு ஒன்றே எஞ்சியிருக்கும். பல ஆண்டுகள் வாழ்ந்து, நல்ல மழை பெய்த ஒருசில ஆண்டுகளில் வெற்றிகரமாகக் குஞ்சு பொரித்து, இனத்தைத் தொடர்வதே அதன் உபாயம். இந்தக் கணக்கில் வளர்ந்த விலங்கு ஒன்று ஒரு முதலீடு. குஞ்சுகள் ஆயிரம் மடிந்தாலும் இனம் தாங்கும்; வளர்ந்தவை தொடர்ந்து கொல்லப்பட்டால் தாங்காது. வேட்டைக்காரன் தேடுவதோ வளர்ந்தவற்றையே.

அரபு மக்களும் தப்பும்

நாடோடிகளாக வாழ்ந்த பதூயின் மக்களுக்கு இப்பல்லி பஞ்சகாலத்து இறைச்சி. நபிகள் நாயகம் அவர்களின் முன்னிலையில் தப் இறைச்சி பரிமாறப்பட்டதையும், தமது மக்களின் நிலத்தில் அது காணப்படாமையால் தமக்கு அது பழக்கமில்லை என்று கூறி அவர்கள் உண்ணாது விட்டதையும், உடனிருந்த காலித் பின் வலீத் அவர்கள் உண்டதையும் நபிமொழித் தொகுப்புகள் குறிப்பிடுகின்றன. இதனைக் கொண்டே ஷாஃபி வழியினர் அதனை ஆகுமானதெனக் கொள்வர். ஹனஃபி வழியினர் அதனை விரும்பத்தகாததாகக் கருதுவர். இலங்கையிலும் தமிழகக் கரையோரத்திலும் வாழும் எமது முஸ்லிம் சகோதரர்களுள் பெரும்பான்மையோர் ஷாஃபி வழியினர் என்பது வாசகர் அறிந்ததே.

ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அறிஞர் அல்-ஜாஹிழ் தமது விலங்கு நூலில் இப்பல்லியைப் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பிய அறிவியல் அதனை அறிந்தது அதற்குப் பன்னூறு ஆண்டுகளின் பின்னரே. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வாணிபம் நடத்திய அதே டென்மார்க் அரசு, 1761ஆம் ஆண்டு அரேபியாவுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. அக்குழுவில் சென்ற இயற்கையியலாளர் பேற்றர் ஃபோர்ஸ்கோல் 1763இல் யேமனில் நோயுற்று மாண்டார். தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிய, உயிரோடு திரும்பிய ஒரேயொருவரான கார்ஸ்ரன் நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக வெளியிட்டார். தப் பல்லிக்கு அறிவியற் பெயர் கிடைத்தது அந்நூலின் வழியாகத்தான்.

ஓமானின் பல்லிகளோடு இந்தியர் ஒருவரின் பெயரும் இணைந்துள்ளது. ஆத்மாராம் சதாசிவ ஜயகர் என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஸ்கற்றில் நெடுங்காலம் பணியாற்றினார். மருத்துவம் பார்த்த நேரம்போக மீன்களையும் ஊர்வனவற்றையும் சேகரித்து இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். ஓமானியரின் பழமொழிகளையும் தொகுத்தார். ஹஜர் மலைகளில் வாழும் பெரிய பல்லி இனமொன்று 1887ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி வருகின்றது. பிழைப்புக்காகச் சென்ற நாட்டின் மண்ணையும் மக்களையும் கற்றுக்கொள்ள முனைந்த ஒருவருக்கு அந்நாட்டின் உயிரினமே நினைவுச்சின்னமாயிற்று.

எமது கரட்டோணானும் ஓமானில் குடியேறியிருக்கின்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மனிதரின் போக்குவரத்தோடு சேர்ந்து கடல்கடந்து சென்ற அது, பாய்ச்சல் நீர் பெற்ற தோட்டங்களைப் பற்றிக்கொண்டு அங்கே வாழ்கின்றது. நீர்பெற்ற தோட்டம் ஓணானுக்கு ஊராயிற்று. நீரற்ற வெளியே தப்புக்கு ஊர்.

வேட்டையும் வீதியும்

பழைய காலத்துப் பதூயின் ஒருவன் கால்நடையாகவோ ஒட்டகத்திலோ சென்று, ஒரு வளையைக் கண்டு, மணிக்கணக்கில் காத்திருந்து ஒரு தப்பைப் பிடிப்பான். அது பசிக்கான வேட்டை. அதற்கு இயல்பான எல்லை இருந்தது. நாற்சக்கர உந்துகை வாகனங்கள் வந்தபின் நிலை தலைகீழாயிற்று. ஒரு விடுமுறை நாளில் பல கிலோமீற்றர் பரப்பைச் சல்லடைபோட்டுத் தேட முடிகின்றது. வளைக்குள் நீரை இறைத்தும், வாகனத்தின் புகையைக் குழாய்வழி செலுத்தியும் விலங்கை வெளியேற்றுகின்றனர். தப் தனது கோட்டையாக நம்பிய வளையே அதற்குப் பொறியாகின்றது. இளவேனிலில், இனப்பெருக்கக் காலத்தில், கொழுத்து வெளிவரும் வேளையிலேயே இவ்வேட்டை உச்சம் பெறுகின்றது.

மறுபுறம் கட்டுமானம். தப்புக்குப் பிடித்தமான இறுகிய சமநிலம் வீதியமைப்பவர்களுக்கும் வீடமைப்பவர்களுக்கும் பிடித்தமானது. மணற்குன்றைச் சமன்செய்யச் செலவு அதிகம். கற்பரப்பில் அந்தச் செலவு குறைவு. ஆகவே குடியிருப்பும் விமான நிலையமும் கைத்தொழிற் பேட்டையும் முதலில் விழுங்கியது இந்நிலத்தையே. எஞ்சிய வெளியில் ஒட்டகமும் ஆடும் அளவுக்கு மீறி மேய்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவரும் தீவனத்தை உண்டு பெருகிய மந்தைகள், மழையில்லாத ஆண்டிலும் அதே நிலத்தில் நிற்கின்றன. தப்புக்கு மிஞ்சும் தளிர் குறைகின்றது.

கட்டுமானத் தலங்களிலிருந்து தப்புகளைப் பிடித்து வேறிடங்களில் விடும் முயற்சிகளும் நடந்துள்ளன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இம்முயற்சியின் பலன் உறுதியானதன்று. இடம்பெயர்க்கப்பட்ட ஊர்வன, புதிய இடத்தில் நிலைகொள்ளாது நெடுந்தூரம் அலைவதையும், அந்த அலைச்சலில் பல மடிவதையும் உலகின் பல பாகங்களில் ஆய்வாளர் கண்டுள்ளனர். தன் கையால் தோண்டிய வளையை இழந்த விலங்கு, வெயிலுக்கும் பகைக்கும் நடுவே புதிய வளையொன்றைத் தோண்டி முடிக்கும்வரை உயிர்தப்ப வேண்டும். இதனை எமது வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் சந்தையும்

யூரோமாஸ்ரிக்ஸ் பேரினம் முழுவதும், அழிவுறும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைற்ரிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1977ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அனுமதிப் பத்திரமின்றி இவற்றை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லல் ஆகாது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தனது செம்பட்டியலில் 'தப்' இனத்தை 'இடருக்குள்ளாகக்கூடியது' என வகைப்படுத்தியுள்ளது. ஐக்கிய அரபு இராச்சியம் 1999ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் மூலம் காட்டுயிர் வேட்டைக்குத் தடைகளை விதித்தது. 2003இல் டுபாயில் நிறுவப்பட்ட 225 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பாலைவனப் பாதுகாப்பு வலயம், வேலியிடப்பட்ட நிலத்தில் பாலையின் உயிர்கள் மீளமுடியும் என்பதைக் காட்டி வருகின்றது.

பாதுகாப்பு பயன்தருமா என்று ஐயுறுவோருக்கு அரேபிய ஓரிக்ஸ் மானின் வரலாறு விடைகூறும். 1972ஆம் ஆண்டு இயற்கைச் சூழலில் முற்றாக அழிந்த அந்த வெண்மான், காட்சிச்சாலைகளில் எஞ்சியவற்றிலிருந்து பெருக்கப்பட்டு 1982இல் ஓமானின் ஜித்தத் அல்-ஹராசிஸ் சமவெளியில் மீண்டும் விடப்பட்டது. ஆனால் அதே வரலாறு எச்சரிக்கையும் தருகின்றது. 1994இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட அச்சரணாலயம், திருட்டு வேட்டையாலும் பரப்பளவு வெகுவாகக் குறைக்கப்பட்டமையாலும் 2007இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதலாவது இடம் அதுவே.

எமது நாடுகளும் இவ்விடயத்தில் தூய்மையானவையல்ல. ராஜஸ்தானின் தார்ப் பாலையிலும் கட்ச் பகுதியிலும் தப்பின் நெருங்கிய உறவான 'சாண்டா' பல்லி வாழ்கின்றது. அதனை உயிரோடு பிடித்து, முதுகை முறித்து, கொழுப்பை உருக்கிச் 'சாண்டா எண்ணெய்' என்று சந்தைகளில் விற்கின்றனர். மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் மருந்தென்று கூவி விற்கப்படும் அத்தைலம் வெறும் விலங்குக் கொழுப்பே. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்பல்லியைப் பிடிப்பதையே தடைசெய்கின்றது. வளைகுடாவில் தொழிலாளர் விடுதிகளிலும் இத்தகைய தைலங்கள் கைமாறுவதுண்டு. வாங்குவோர் பணத்தையும் இழக்கின்றனர், ஓர் உயிரின் அழிவுக்கும் துணைபோகின்றனர்.

உறவினர்க்கு எடுத்துச் சொல்லுங்கள்

எமது வாசகர் இந்த விடயத்தில் செய்யக்கூடியவை சில உண்டு.

வளைகுடாவில் உள்ள உறவினரிடம், தப்பைப் பிடிப்பதும் விற்பதும் விளையாட்டல்ல என்பதைச் சொல்லி வையுங்கள். ஊரில் உடும்பு பிடித்த கைப்பழக்கம் அங்கே ஆபத்தானது. அந்நாட்டுக் குடிமகனுக்கு அபராதத்தோடு முடியும் ஒரு குற்றம், வதிவிட அனுமதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலையிழப்பிலும் நாடுகடத்தலிலும் முடியலாம். வட்டிக்குக் கடன்பட்டுப் பயணம் போனவன் ஒரு பல்லிக்காகத் திருப்பியனுப்பப்படுவதைவிடப் பேதைமை வேறில்லை. எவரேனும் முதலாளியோ மேற்பார்வையாளரோ வேட்டைக்குத் துணைக்கு அழைத்தாலும் வளை தோண்டும் வேலையைத் தவிர்த்துக்கொள்வதே நன்று. அகப்படும் வேளையில் பழி யார்மேல் விழும் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்ள வேண்டாம் என்ற எமது முதுமொழி இதற்கெனவே சொன்னதுபோல் அமைந்துள்ளது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் பெற்றோருக்கும் ஒரு சொல். செல்லப்பிராணிக் கடைகளில் இந்த இனத்துப் பல்லிகள் விற்கப்படுகின்றன. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கலாம். அவற்றுள் பல ஆபிரிக்கப் பாலைகளில் பிடித்து அனுப்பப்பட்டவை. வளர்ப்பில் பிறந்ததென உரிய பத்திரம் காட்டப்படாவிடின் வாங்காதிருங்கள். முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய, கடுஞ்சூடும் விசேட ஒளியும் வேண்டும் ஒரு விலங்கை, அடுத்த ஆண்டு எந்த நகரில் எந்த வீட்டில் இருப்போம் என்று அறியாத குடும்பம் பொறுப்பேற்பது அதற்கும் நன்மையன்று, பிள்ளைக்கும் நன்மையன்று.

பிள்ளைகளுக்கு வேறொன்றைக் கொடுக்கலாம். சங்கத் தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது பாலையைப் பிரிவின் நிலமாகக் கண்டனர். பொருள்தேடிப் பிரிந்து செல்லும் தலைவன் கடக்கும் வழி அது. அவ்வழியில் காயும் வெயிலையும் வாடிய மரத்தையும் மட்டும் அவர்கள் பாடவில்லை. அம்மரத்தில் ஏறிய ஓந்தியையும் சகுனம் சொல்லும் பல்லியையும் கண்டு பாடினர். ஓந்தி என்பது ஓணானின் பழம்பெயர். பொருள்வயின் பிரிந்து இன்று உண்மையான பாலைக்கே சென்றுள்ள எமது மக்கள், அங்கே பாதிநிலவு வடிவில் ஒரு வளைவாயிலையும் அதன் அருகே அசையாது சூடுகாயும் முள்வாலனையும் காண நேர்ந்தால், சற்றுத் தொலைவில் நின்று பார்க்கட்டும். நெருங்கினால் அது வளைக்குள் மறையும். மறைந்தால் காத்திருந்து தோண்ட வேண்டாம். அன்றைய மேய்ச்சல் நேரம் அதற்கு அவ்வளவுதான் என்பதை எண்ணி விலகிச் செல்வார்களாயின், மாலை வெயில் தணியும் வேளையில் அது மீண்டும் வெளியே வரும்.